வாரம் ஒரு பென்னி: பூனைச் சம்பளத்தைத் தேடி ஆறு நாள்

முதல் நாள்: வின்செஸ்டர்

இங்கிலாந்தில், ரெடிங் என்ற ஊரில் இருக்கும் பையன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்தி பிறந்து நாற்பது நாள். பெண்களுக்குக் கழுத்துவரை வேலை. எனக்கு ஒதுக்கிய வேலை, யார் காலிலும் இடறாமல் இருப்பது. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கிறது. "எங்கேயாவது போய்ச் சுத்திட்டுத்தான் வாங்களேன்" என்று வீட்டுக்காரி நாலு தடவை சொல்லிவிட்டாள்.

எங்கே போவது என்று முடிவு செய்தது மருமகள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள், "மாமா, எக்ஸிட்டர்னு ஒரு ஊர்ல, சர்ச்ல பூனைக்குச் சம்பளம் கொடுத்திருக்காங்களாம். எழுநூறு வருஷம் முன்னாடி!" என்றாள்.

முப்பத்து நாலு வருஷம் தணிக்கையில் குப்பை கொட்டியவன் நான். வாயில் தானாக வந்தது: "வவுச்சர் இருக்கா?"

இருக்கிறதாம். கணக்குப் புத்தகமே இருக்கிறதாம். அதற்கப்புறம் வீட்டில் உட்கார மனசு வருமா? எக்ஸிட்டர் டிக்கெட் நாளைக்குத்தான் மலிவு என்று பையன் சொன்னதால், ஒத்திகையாக இன்று வின்செஸ்டர். ரெடிங்கிலிருந்து முக்கால் மணி நேரம்கூட இல்லை.

வின்செஸ்டர் பேராலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைப் பார்க்க வருகிறார்கள். 1817இல் இறந்த அவரைத் தரையிலேயே புதைத்து மேலே கருங்கல் பாவியிருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒரு கூட்டம். நான் அங்கிருந்த தொண்டர் அம்மாளிடம் போய்ப் பூனை எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பத்து வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல என்னைப் பாடகர் பகுதிக்குள் கூட்டிப்போனார்.

இருபுறமும் ஓக் மர இருக்கைகள். 1308ஐ ஒட்டிய வேலை. வில்லியம் லிங்வுட் என்ற தச்சர் நார்ஃபோக் பக்கத்துக்காரர். இவரை இன்னும் கொஞ்ச நாள் எங்களிடம் விட்டுவையுங்கள் என்று வின்செஸ்டர் ஆயர் நார்விச் ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல ஆசாரி கிடைத்தால் விட மனசு வராது.

இந்த இருக்கைகளின் சூட்சுமம் பலகைக்கு அடியில் இருக்கிறது. துறவிகள் இரவும் பகலுமாக எட்டு வேளை வழிபாட்டில் நிற்க வேண்டும். வயசானவர்களுக்குக் கால் கடுக்காதா? பலகையை மேலே மடக்கினால் அதன் அடியில் ஒரு சின்ன விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பின்புறத்தை லேசாக முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்களுக்கு நிற்கிற மாதிரியே இருக்கும். 'மிசெரிகார்ட்' என்று பெயர். இரக்கம் என்று பொருள். அந்த விளிம்பைத் தாங்கும் அடிப்பகுதியில் ஆசாரி ஏதாவது செதுக்க வேண்டும். ஒரு துறவி பின்புறத்தைச் சாய்க்கும் இடத்தில் ஏசுவையோ மாதாவையோ செதுக்க முடியாது. அதனால் மேலே தேவதூதர்கள், அடியில் ஊர்க்கதை.

அம்மாள் ஒரு பலகையைத் தூக்கினார். பூனை. வாயில் எலி. எழுநூறு வருஷத்து ஓக் கறுத்துப் பளபளக்கிறது. பயமுறுத்துகிற முகம் இல்லை. பிடித்தாயிற்று, இனி எங்கே வைத்துத் தின்பது என்று யோசிக்கிற முகம். அந்த ஆசாரி பூனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் செலவு நோட்டில் புதிதாக ஒரு தலைப்பு எழுதினேன்: பூனை. அதன் கீழே ரயில், நுழைவுச்சீட்டு, டீ.

இரண்டாம் நாள்: எக்ஸிட்டர்

ரயில் ஐம்பது நிமிஷம் தாமதம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த புளியோதரை டாண்டனுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது.

செயிண்ட் டேவிட்ஸ் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது, ஊர் மேட்டில். மூச்சு வாங்க ஏறினேன். பேராலயத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், அண்ணாந்து பார்த்தேன். 96 மீட்டர் நீளத்துக்கு இடையில் எங்கும் முறியாமல் ஓடும் கல் விதானம். இடைக்காலத்தில் கட்டியவற்றில் இத்தனை நீளமானது உலகத்தில் வேறில்லை என்கிறார்கள். கழுத்து வலிக்கிறவரை பார்த்துவிட்டு, வந்த வேலைக்குத் திரும்பினேன்.

வடக்குப் பக்கச் சிறகில் சுவரோடு ஒரு கடிகாரம். 15ஆம் நூற்றாண்டுடையது. நீல வட்டத்தின் நடுவில் பூமி, தங்கக் குண்டாக. சூரியன் அதைச் சுற்றி வருகிறது. அவர்களுக்குத் தெரிந்த வானம் அப்படி. நிமிஷ முள் வட்டத்தை 1760இல் மேலே சேர்த்திருக்கிறார்கள். அதுவரை யாருக்கும் நிமிஷம் தேவைப்படவில்லை. கடிகாரத்துக்கு நேர் கீழே, இயந்திர அறைக்குப் போகும் ஒரு பழைய மரக் கதவு. கதவின் அடியில் ஒரு வட்டத் துளை.

அவ்வளவுதான். வெறும் துளை. முட்டி வலியைப் பார்க்காமல் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஓரமெல்லாம் மழுங்கியிருக்கிறது. அளவாகச் சாப்பிடும் பூனை தாராளமாக நுழையும். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்ட பூனை ஒரு தடவை யோசிக்கும். பின்னாலிருந்து ஒருவர், "சார், உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டார். இல்லை, பூனைப் பொந்து பார்க்கிறேன் என்றேன். அவரும் குனிந்தார்.

துளைக்கும் கணக்கு இருக்கிறது. 1598இல் ஆயர் வில்லியம் காட்டன், இந்தக் கதவில் பொந்து வெட்டத் தச்சர்களுக்கு 8 பென்னி கொடுத்திருக்கிறார். கடிகாரக் கயிறுகளுக்குக் கொழுப்புத் தடவுவார்கள், அதை நக்க எலி ஏறும், எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம். எலி கடிகாரத்தில் ஏறும் குழந்தைப் பாட்டுக்கூட இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வந்தது என்று பெருமை. பாட்டு விஷயத்தை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

1598 என்றால் இடைக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் கதவில் பூனைப் பொந்து வைப்பது அதற்கு முன்பே வீட்டு வழக்கம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய மில்காரன் கதையில், ஆக்ஸ்ஃபோர்டு தச்சன் வீட்டு வேலைக்காரன், பூட்டிய அறைக்குள் வாடகைக்காரன் என்ன செய்கிறான் என்று பார்க்க, பலகையின் அடியில் பூனை நுழையும் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பான். சாஸர் அதை விளக்கவே இல்லை, போகிற போக்கில் சொல்கிறார். கேட்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன்.

இறந்தவர்களின் ஆன்மாவுக்காக ஆண்டுதோறும் பூசை செய்யப் பணமும் நிலமும் எழுதி வைப்பார்கள். நம் கோயில்களில் கட்டளை என்று சொல்வோமே, அதேதான். அந்த வருமானத்தில் பூசை செய்தவருக்கு இவ்வளவு, பாடியவருக்கு இவ்வளவு, மணி அடித்தவருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். அந்தக் கட்டளைக் கணக்குகளில், 1305 முதல் 1467 வரை, லத்தீனில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: 'கஸ்டோரிபஸ் எட் காட்டோ'. காவலாளிகளுக்கும் பூனைக்கும். காலாண்டுக்கு 13 பென்னி.

காலாண்டுக்குப் பதின்மூன்று வாரம். ஆக வாரம் ஒரு பென்னி. பதிவு தொடங்கிய காலத்தில் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 2 பென்னிக்குள்தான் கிடைக்கும். எனவே பூனையின் ஒரு வார வருமானம் மனுஷனின் அரை நாள் கூலிக்குச் சற்று மேல். வருஷத்துக்கு 52 பென்னி. ஐந்நூறு வருஷம் தாண்டியும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், கூட்டல் சரியாக வருகிறது.

பெஞ்சில் உட்கார்ந்து, கை அரித்ததால், நோட்டில் தணிக்கைத் தடை எழுதினேன்.

ஒன்று: காவலாளிகளுக்கும் பூனைக்கும் என்று சேர்த்து ஒரே பதிவு. இதில் பூனைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? பயனாளி கையெழுத்துப் போட முடியாதவர் என்பதால் ரசீது கேட்கவும் வழியில்லை. பூனை பெயரைச் சொல்லி எவனாவது பீர் குடித்திருந்தால்?

இரண்டு: சில இடங்களில் 13க்குப் பதில் 26 பென்னி. இரட்டைப் பட்டுவாடா. இரண்டாவது பூனையா, சம்பள உயர்வா? நியமன உத்தரவு கோப்பில் இல்லை.

மூன்றாவது தடை எழுதப் போய் நிறுத்திவிட்டேன். எலி பிடிக்க வைத்த பூனைக்கு எதற்குச் சாப்பாட்டுப் படி, எலியே சாப்பாடுதானே என்று கேட்க நினைத்தேன். பிறகு புரிந்தது. எலி குறைந்தால் பூனை வேறு இடம் பார்க்கும். எலி குறைந்த பிறகும் பூனை இருந்தால்தான் எலி குறைவாகவே இருக்கும். அந்தப் பென்னி, வேலை இல்லாத நாட்களுக்கும் ஆளை வைத்துக்கொள்ளும் படி. எழுதியவன் நிர்வாகம் தெரிந்தவன்.

பேராலயத்தில் எலிக்கு என்ன பஞ்சம்? மெழுகுவர்த்தி, காணிக்கைத் தானியம், அப்பம், தோலில் எழுதிய புத்தகம், எல்லாமே தின்னக்கூடியவை. 800ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கெல்ஸ் நற்செய்தி ஏட்டின் மிகப் பெரிய அலங்காரப் பக்கத்திலேயே, எழுத்தின் காலடியில், எலிகள் ஒரு வட்ட அப்பத்தைக் கடிக்கின்றன, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வரைந்த துறவிக்குத் தினசரிக் காட்சி.

திரும்பி வரும் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. நான்தான் தவறவிட்டேன்.

மூன்றாம் நாள்: ரெடிங், மழை

வெளியே போக முடியவில்லை. மத்தியானம் மருமகள் இன்னொரு செய்தி காட்டினாள். போப் ஒருவர் பூனையெல்லாம் சாத்தான் என்று அறிவித்தாராம், ஐரோப்பா முழுக்கப் பூனைகளைக் கொன்றார்களாம், எலி பெருகிப் பிளேக் வந்ததாம். "நானும் இதைத்தான் நம்பிட்டிருந்தேன்" என்று பையன் சொன்னான். உண்மையைச் சொன்னால் நானும்தான். நாலு வருஷம் முன்னால் நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதாம் கிரகோரி 1233இல் எழுதிய கடிதம் அது. ஜெர்மனியில் ஒரு சமய எதிர்ப்புக் கூட்டத்தார் நடத்துவதாகச் சொல்லப்பட்ட ரகசியச் சடங்கை வர்ணிக்கிறார். அதில் ஒரு சிலையிலிருந்து நாய் அளவுக் கறுப்புப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வரும். பயங்கரமான கற்பனைதான். ஆனால் பூனைகளைக் கொல்லுங்கள் என்று ஒரு வரி கிடையாது. பிளேக் சிசிலிக்கு வந்தது 1347இல், இங்கிலாந்துக்கு 1348இல். நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அதோடு பிளேக் பூனைக்கும் வரும், அது மருந்து ஒன்றும் இல்லை. போதாததற்கு எக்ஸிட்டர் கணக்கு. போப் கடிதம் எழுதி எழுபது வருஷம் கழித்து ஒரு பேராலயம் பூனைக்குச் சம்பளம் பதிய ஆரம்பித்து, கொள்ளைநோய் வந்து போன பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பதிந்துகொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கொடுமை நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெல்ஜியத்து ஈப்பர் நகரில் துணிச் சந்தைக் கோபுரத்திலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே எறியும் வழக்கம் இருந்தது. கம்பளி மூட்டைகளைக் காக்க வைத்த பூனைகள், சரக்கு விற்றதும் வேண்டாதவை ஆகிவிட்டன என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கடைசியாக எறிந்தது 1817இல். ஜேன் ஆஸ்டின் செத்த வருஷம்! இடைக்காலம் இடைக்காலம் என்கிறோம். இப்போது பொம்மைப் பூனை எறிகிறார்கள், ஊர்வலம் நடத்துகிறார்கள்.

நான் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை சமையலறைக் கதவு வழியாக வந்து, மேஜைமேல் ஏறி, நோட்டின்மீதே உட்கார்ந்துகொண்டது. ஈரக் கால். வீட்டுக்காரி துடைப்பத்தை எடுக்கப் போனாள். "இரு, இரு, இது பழைய வழக்கம்" என்றேன்.

உண்மையிலேயே பழைய வழக்கம். 1420 வாக்கில் நெதர்லாந்தின் டெவெண்டரில் ஒரு துறவி ராத்திரி ஏட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். காலையில் பார்த்தால் பக்கத்தில் பெரிய கறை. அந்த இடத்தை விட்டுவிட்டு, கறையைச் சுட்டும் விரலும் ஒரு பூனைப் படமும் வரைந்து, இப்படி எழுதியிருக்கிறார்: இங்கே ஒன்றும் விடுபடவில்லை, ஒரு ராத்திரி பூனை மூத்திரம் பெய்துவிட்டது. அந்தப் படுபாவிப் பூனை நாசமாகப் போக, அதன் பொருட்டு மற்ற எல்லாப் பூனைகளும் நாசமாகப் போக. பூனை வரக்கூடிய இடத்தில் ராத்திரியில் புத்தகத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஏடு ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகத்துக்கு உரியது. டுப்ரோவ்னிக் ஆவணக் காப்பகத்தில் 1445ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்றின்மேல் மையில் தோய்ந்த பூனைப் பாதம் நாலு இருக்கிறது. அதன்மேல் எவரும் சாபம் எழுதவில்லை. எழுத்தருக்குப் பழகிப்போயிருக்கும்.

என் நோட்டில் இரண்டு பாதம். மை இல்லை, மழைத் தண்ணீர்தான். காயவைத்தேன்.

நான்காம் நாள்: கிரேட் மால்வெர்ன்

ஊரே மலைச்சரிவில் தொங்குகிறது. ரயில் நிலையத் தூண்களில் இலையும் பூவுமாக வண்ணம். மேலே மடாலயக் கோயில். மடத்தை எட்டாம் ஹென்றி கலைத்த பிறகு, ஊர் மக்கள் 1541இல் இந்தக் கோயிலை 20 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஜன்னல்கள் சேர்த்து. பத்திரப் பதிவு செய்தவன் கை நடுங்கியிருக்கும்.

இங்கும் மிசெரிகார்ட்தான். ஆனால் வின்செஸ்டர்ப் பூனைக்கு நேர்மாறு. ஒரு தூக்குமரம், அதில் ஒரு பூனை, மூன்று எலிகள் அதைத் தூக்கில் போடுகின்றன. பலகையைத் தூக்கிப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கோயில் என்பதை மறந்து. எலிகளின் முகத்தில் ஒரு கடமையுணர்ச்சி. கோர்ட் ஆர்டரை அமுல்படுத்த வந்த அமீனா மாதிரி.

பக்கத்துச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த மலையிலேயே ஒரு கனவு நடக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லாங்லாண்டின் பியர்ஸ் உழவன் என்னும் நெடும் கவிதையில், மே மாதக் காலை மால்வெர்ன் மலையில் ஒருவன் தூங்கிப்போகிறான். 1370களில் திருத்தி எழுதிய பாடத்தில், அந்தக் கனவுக்குள் எலிகளும் சுண்டெலிகளும் கூட்டம் போடுகின்றன. பூனையின் தொல்லை தாங்க முடியவில்லை. பேச்சு வன்மையுள்ள ஒரு எலி எழுந்து, நகரத்துப் பெரிய மனுஷர்கள் கழுத்தில் பொன் சங்கிலி போட்டுக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு பட்டையில் மணி கட்டிப் பூனை கழுத்தில் மாட்டிவிடுவோம் என்கிறது. ஏகமனதாகத் தீர்மானம். மணியும் வாங்கியாயிற்று. அப்புறம்?

பூனைக்கு யார் மணி கட்டுவது. நாம் சொல்லிச் சொல்லித் தேய்த்த அதே கேள்வி. இங்கிலாந்தில் ஓடோ என்ற பாதிரியார் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் லாங்லாண்ட் அங்கே நிறுத்தவில்லை. ஒரு சுண்டெலி எழுந்து பேசுகிறது. இந்தப் பூனையைக் கொன்றாலும் இன்னொன்று வரும், பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தாலும் பிடிக்கும் என்கிறது. அதோடு விடவில்லை. பூனை இல்லையென்றால் நாம் ஊரார் பீர் காய்ச்ச வைத்திருக்கும் மால்ட் தானியத்தையெல்லாம் பாழாக்கிவிடுவோம் என்றும் ஒப்புக்கொள்கிறது. எலி வாயாலேயே பூனைக்கு நற்சான்றிதழ். பூனை என்று அரசனையோ அதிகாரத்திலிருந்த பிரபுவையோ சொல்கிறார் என்பார்கள். இருக்கட்டும். நாட்டு அரசியலைச் சொல்ல வந்தவருக்கு, வீட்டு மூலையிலிருந்து எடுத்தால்தான் எல்லோருக்கும் புரியும் என்று தெரிந்திருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மேற்கே போனால் வேல்ஸ். அங்கே பூனைக்குச் சட்டமே இருந்தது. 10ஆம் நூற்றாண்டு அரசன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டங்கள், கையில் கிடைக்கும் ஏடுகள் 13ஆம் நூற்றாண்டுடையவை. குட்டி பிறந்து கண் திறக்கும்வரை விலை ஒரு பென்னி. கண் திறந்ததிலிருந்து எலி பிடிக்கும்வரை 2. எலி பிடித்துவிட்டால் 4. விற்பவன் உத்தரவாதம் தர வேண்டும்: கண் தெரியும், காது கேட்கும், நகம் முழுசாக இருக்கும், எலி கொல்லும், தன் குட்டியைத் தானே தின்னாது.

அரசன் களஞ்சியத்துப் பூனையைக் கொன்றாலோ திருடினாலோ அபராதம் கணக்கிடும் முறை இன்னும் அழகு. பூனையை வாலைப் பிடித்து, தலை தரையில் படும்படி தொங்கவிட வேண்டும். வால் நுனி மறையும்வரை அதன்மேல் கோதுமையைக் கொட்ட வேண்டும். அந்தக் குவியல்தான் அபராதம். அந்தப் பூனை உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு தானியம் மிச்சமாகியிருக்கும் என்பதை இதைவிட எளிதாகப் படிக்காதவனுக்குப் புரியவைக்க முடியாது. நீளவால் பூனையைத் திருடுகிறவன் முட்டாள்.

ஐந்தாம் நாள்: கேம்பிரிட்ஜ்

இன்றைக்கு எழுதுவது குறைவு.

பெனட் தெரு முனையில் கல்லூரிச் சுவரில் ஒரு தங்கக் கடிகாரம், மேலே நேரத்தைத் தின்னும் உலோக வெட்டுக்கிளி. கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எதிரில் பெனட் தேவாலயம், அதன் கோபுரம் ஆயிரம் வருஷப் பழசு. அடுத்தாற்போல, டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் சாப்பிட்ட மதுக்கடை. நான் தேடி வந்ததற்குப் பலகை கிடையாது. பெனட் கோர்ட் என்ற இடத்தில் தோண்டியபோது 13ஆம் நூற்றாண்டுக் கிணறு ஒன்று கிடைத்தது. அதற்குள் பூனை எலும்புகள். 79 பூனை.

எலும்பில் கத்தித் தடம். கழுத்தை அறுத்திருக்கிறார்கள், தோலை உரித்திருக்கிறார்கள், துண்டு போட்டிருக்கிறார்கள். தோலுக்காக மட்டும் என்றால் துண்டு போட வேண்டியதில்லை, இறைச்சிக்கும்தான் என்று ஆய்வு செய்தவர்கள் கருதுகிறார்கள். பஞ்சமோ, ஆட்டிறைச்சி என்று எவனோ ஏமாற்றி விற்றதோ.

பூனைத் தோல் அந்தக் காலத்தில் ஏழையின் கம்பளி. 1127இல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய திருச்சபை மன்றம், மடத்துத் தலைவியும் கன்னியரும் ஆட்டுக்குட்டித் தோல், பூனைத் தோலுக்கு மேற்பட்ட விலையில் எதையும் உடுத்தக்கூடாது என்று விதித்தது. எளிமைக்கு அளவுகோல் பூனை.

சம்பளம் வாங்கிய பூனை, சட்டத்தில் விலை போட்ட பூனை, கிணற்றில் கிடந்த பூனை. மூன்றும் ஒரே நூறு இருநூறு வருஷத்துக்குள். எல்லாமே பயன் கருதிய உறவுதான். உயிரோடு இருந்தால் எலிக்கு, செத்தால் குளிருக்கு. சாத்தான் எங்கேயும் குறுக்கிடவில்லை.

மழை பிடித்தது. மதுக்கடைக்குள் ஒதுங்கி ஒரு டீ கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆறாம் நாள்: நார்விச்

ராத்திரியே கேம்பிரிட்ஜிலிருந்து வந்து தங்கிவிட்டேன். ஊர்ப் பெயரை 'நாரிட்ஜ்' என்று சொல்ல வேண்டுமாம், டிக்கெட் கொடுத்த பெண் பொறுமையாகத் திருத்தினார். வின்செஸ்டர்ப் பூனையைச் செதுக்கிய லிங்வுட் இந்தப் பக்கத்து ஆள்.

செயிண்ட் ஜூலியன் கோயில் ஒரு சந்துக்குள். 1942 குண்டுவீச்சில் தரைமட்டமாகி, பிறகு கட்டியது. பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. அதே இடத்தில் இருந்த அறைக்குள்தான் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜூலியன் என்ற பெண் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார். அப்படி அடைபட்டவர்கள் சாகிறவரை வெளியே வர மாட்டார்கள். ஒரு ஜன்னல் கோயிலுக்குள், ஒன்று வேலைக்காரி சாப்பாடு தர, ஒன்று ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் பேச. உள்ளிருந்து அவர் எழுதிய நூலே, இங்கிலீஷில் ஒரு பெண் எழுதியதாகத் தெரியும் முதல் நூல்.

இப்படி வாழ்கிற பெண்களுக்கு, ஜூலியனுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால், ஒரு பாதிரியார் விதிநூல் எழுதினார். முதலில் மூன்று சகோதரிகளுக்காக எழுதியது. அதில் ஒரு விதி: என் அன்புச் சகோதரிகளே, தவிர்க்க முடியாத தேவை வந்தாலொழிய, பூனை ஒன்றைத் தவிர வேறு விலங்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் பசு கூடாது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைப் படித்துவிட்டு, இவர் கிராமத்தில் வளர்ந்தவர்தான் என்று தீர்மானித்தேன். பசு வைத்தால் தீவனத்தை நினைக்க வேண்டும், மாடு மேய்ப்பவன் கூலியை நினைக்க வேண்டும். மாடு அடுத்தவன் வயலில் மேய்ந்தால் ஊர்க் காவல்காரனைத் தாஜா செய்ய வேண்டும். அவன் பட்டியில் அடைத்தால் திட்ட வேண்டும். திட்டிவிட்டு, நஷ்ட ஈட்டையும் கட்ட வேண்டும். கடவுளை நினைக்க நேரம் எங்கே? பூனைக்கு இதொன்றும் வேண்டாம். அது யார் வயலில் மேய்ந்தாலும் வழக்கு வராது.

அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மெழுகுவர்த்தி. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே லாரி போகும் சத்தம். வாழ்நாள் முழுக்க இந்த அளவு இடம். காலடியில் சூடாக ஏதோ ஒன்று சுருண்டு படுத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் ஜூலியன் பூனை வளர்த்தாரா? அவர் நூலில் பூனையே கிடையாது. விதிநூல் அனுமதித்ததால் வைத்திருக்கலாம் என்று பிற்காலத்தார் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஜூலியன் படம் என்றால் கூடவே ஒரு பூனை கட்டாயம். அட்டை, பொம்மை, சாவிக்கொத்து, எல்லாவற்றிலும். தணிக்கையாளனுக்கு இது பச்சைப் பொய்க்கணக்கு. ஆதாரம் பூஜ்யம்.

பக்கத்தில் வாழ்த்து அட்டைகள் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை, காசு போட ஒரு பெட்டி மட்டும். ஜன்னலோரம் ஜூலியன், கையில் பேனா, மடியில் வெள்ளைப் பூனை. பேத்திக்கு என்று ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டு பவுண்டு நாணயத்தைப் போட்டேன்.

ரயிலில் நோட்டை எடுத்தேன். அந்த ஈரப் பாதம் காய்ந்து தாள் சுருங்கியிருந்தது. 'பூனை' தலைப்பின் கீழே கடைசி வரி எழுதினேன். ஜூலியன் பூனை, 2 பவுண்டு. வவுச்சர் இல்லை. அனுமதிக்கலாம். கீழே சுருக்கொப்பம் போட்டேன்.